கத்துறது கிற்றார் இல்லை, வெட்டுப்பட்ட நடு

போன வருசம் எங்கட பக்கத்தில் ஒரு ஊர் விழா. மூன்று பாட்டு வாசிக்க இடம் தந்தார்கள். மூன்றாவது பாட்டின் நடுவில் ஃபஸ் பெடலை மிதித்தோம். பாட்டு முடிந்து கீழே இறங்கினதும் ஏற்பாட்டாளர் ஒருவர் வந்து நல்ல அமைதியாகச் சொன்னார்: "பிள்ளையள், உந்தக் கிற்றார் கத்துது. எங்கட சனத்துக்கு உது ஒத்துவராது. அடுத்தமுறை கீபோட்டோட நிப்பாட்டுங்கோ."

இந்தக் கட்டுரை அவருக்கு எழுதுகிற கோபக் கடிதம் இல்லை. ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி உண்மை. அன்றைக்குக் கிற்றார் கத்தினதுதான், எங்களுக்கே காது கூசினது. ஆனால் மிச்சப் பாதி பிழை. "எங்கட சனத்துக்கு ஒத்துவராது" என்பது காரணமே இல்லை. காரணம் அந்தப் பெட்டிக்குள் இருந்த ஒரு கொள்ளளவியும் ஒரு தடையியும். இரண்டையும் சேர்த்தால் ஒரு பிளேன்ரீக் காசும் வராது.

ஒரு தொழில்நுட்பக் குறையைக் கலாசாரக் குறையாகக் கதைக்கிற இந்தப் பழக்கத்துக்கு எதிராகத்தான் எழுதுகிறோம். அதோடு, பெட்டியைத் திறக்காதே என்று சொல்கிற எல்லாருக்கும் எதிராக.

உடைந்ததிலிருந்து வந்த சத்தம்

ஃபஸ் என்றால் என்ன? கிற்றாரிலிருந்து வருகிற அலையை அளவுக்கு மேல் பெருக்கி, அதன் உச்சியையும் அடியையும் வெட்டிவிடுவது. வளைந்து போன அலை தட்டையான தலையோடு வெளியே வரும். தட்டையாகும்போது மூல ஒலியில் இல்லாத மேல்சுரங்கள் முளைக்கும். அந்த மேல்சுரங்களைத்தான் நாங்கள் கரகரப்பு என்று கேட்கிறோம்.

இதை யாரும் திட்டம் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. 1958 இல் லிங்க் ரே என்கிற அமெரிக்கக் கலைஞர், தான் தேடின சத்தம் வருவதற்காக ஒலிபெருக்கியின் கடதாசிக் கூம்பில் பென்சிலால் ஓட்டை போட்டார். 1960 இல் நாஷ்வில் ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில் கலவைப் பலகையின் மின்மாற்றி பழுதாகி, கிறேடி மார்ட்டின் வாசித்த பகுதி கரகரத்துப் பதிவானது. அந்தப் பழுதை அழிக்காமல் அப்படியே வெளியிட்டார்கள், பாட்டு பிரபலமானது. அந்தப் பதிவைச் செய்த ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்நொடி பிறகு அதே சத்தத்தைத் தருகிற ஒரு திரான்சிற்றர் சுற்றை உருவாக்கினார். அது 1962 இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-ரோன் என்ற பெயரில் கடைக்கு வந்தது. 1964 இல் லண்டனில் டேவ் டேவிஸ் சவர அலகால் ஒலிபெருக்கிக் கூம்பைக் கீறினார். 1965 இல் ரோலிங் ஸ்ரோன்ஸ் மேஸ்ட்ரோ பெட்டியை உலகம் முழுக்கக் கேட்க வைத்தார்கள். ஜிமி ஹென்ட்றிக்ஸுக்கு ரொஜர் மேயர் என்பவர் பெடல்களைத் திறந்து திருத்திக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

பழுது, ஓட்டை, கீறல், திருத்தம் என்று போகிற வரலாறு இது. பெட்டியைத் திறக்காதவர்கள் யாரும் இந்த வரலாற்றில் இல்லை.

"எங்கட இசைக்கு ஒத்துவராது"

சரி, எங்கட இசைக்கு வருவோம். தம்புராவின் மேடையில், கம்பிக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு நூல் வைப்பார்கள். ஜீவா என்று அதற்குப் பெயர். அந்த நூலை எடுத்துவிட்டால் தம்புரா வெறும் 'டொங்' என்று கேட்டு அடங்கிப்போகும். நூல் சரியான இடத்தில் இருந்தால் கம்பி மேடையை உரசி உரசி, மேல்சுரங்களை ஒவ்வொன்றாக எழுப்பி, அந்த 'ங்ங்ங்' என்ற ரீங்காரத்தைத் தரும். கச்சேரி மேடைகளில் இவ்வளவு காலமாக ஒரு கரகரப்பை வேண்டுமென்றே வைத்து, அதற்கு உயிர் என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

நாதஸ்வரத்தைப் பாருங்கோ. அளவெட்டியிலும் இணுவிலிலும் அந்தக் கலை வளர்ந்த மண்ணில் இருந்துகொண்டு, கூர்மையான சத்தம் எங்கட சனத்துக்கு ஆகாது என்று எப்படிச் சொல்ல முடிகிறது? அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தையும் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலையும் கொண்டாடின சனம் இது. நாதஸ்வரம் மென்மையான வாத்தியமா? இல்லை. ஆனால் குத்துவதும் இல்லை. ஏன்? வாசிக்கிறவர் சீவாளியைத் தானே பார்த்து, தேய்த்து, நனைத்து, தனக்கு ஏற்ற மாதிரிப் பதப்படுத்துகிறார். நாலைந்து சீவாளி வாத்தியத்திலேயே தொங்கும். மிருதங்கக்காரர் கச்சேரிக்கு முதல் இடந்தலையில் ரவையைக் குழைத்து அப்பித் தட்டித் தட்டிப் பார்ப்பார். "கடையில் வாங்கின மாதிரியே வாசி, தொடாதே" என்று அவர்களிடம் யாராவது சொல்கிறார்களா?

மன்டலின் யூ. ஸ்ரீநிவாஸ் மேலைநாட்டு மன்டலினை இரட்டைக் கம்பிகளோடு அப்படியே எடுத்துக் கச்சேரி செய்யவில்லை. ஐந்து ஒற்றைக் கம்பியுள்ள மின் மன்டலினாக மாற்றித்தான் கமகம் வாசித்தார். கருவியைத் திருத்துவதுதான் எங்கட மரபு. திருத்தாமல் வைத்துக் கும்பிடுவது நேற்று வந்த பழக்கம்.

பெட்டிக்குள் இருந்த பள்ளம்

இப்போது அந்தக் கத்தலுக்கு வருவோம். எங்களிடம் இருந்தது பிக் மஃப் சுற்றைப் பிரதி எடுத்த ஒரு மலிவுப் பெட்டி. பிக் மஃப் என்பது 1969 அளவில் நியூயோர்க்கில் மைக் மத்யூஸின் எலெக்ட்ரோ-ஹார்மொனிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த பெடல். சன்ரானாவும் பிங்க் ஃபுளொயிட்டின் டேவிட் கில்மரும் பயன்படுத்தினது. உள்ளே நாலு திரான்சிற்றர். முதலாவது பெருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் இருவாயிகளைக் கொண்டு அலையின் தலையை வெட்டும். பிறகு ரோன் சுற்று. அதில் இழந்த பலத்தை நாலாவது திரும்பப் பெருக்கி வெளியே அனுப்பும்.

பிரச்சினை அந்த ரோன் சுற்றில். அங்கே சத்தம் இரண்டு ஒழுங்கையாகப் பிரிகிறது. ஒரு ஒழுங்கையில் 39 கிலோ ஓம் தடையியும் 10 நனோபரட் கொள்ளளவியும். அது கிட்டத்தட்ட 400 ஹேர்ட்ஸுக்கு மேலே உள்ளதைக் குறைத்து, அடித்தொனியை மட்டும் விடும். மற்ற ஒழுங்கையில் 4 நனோபரட் கொள்ளளவியும் 22 கிலோ ஓம் தடையியும். அது கிட்டத்தட்ட 1800 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைத்து, மேல்தொனியை மட்டும் விடும். ரோன் குமிழ் இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடுகிறது. 400 க்கும் 1800 க்கும் இடையில் இருக்கிறதை யார் விடுவார்கள்? ஒருவரும் இல்லை. குமிழை நடுவில் வைத்தால் 1000 ஹேர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பெரிய பள்ளம்.

அந்தப் பள்ளத்துக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? கிற்றாரின் ஆக மெல்லிய கம்பியில் பன்னிரண்டாம் பிரெட் 659 ஹேர்ட்ஸ். அதன் முதல் மேல்சுரம் 1318. தனி வாசிப்பின் முதுகெலும்பே அங்கேதான் இருக்கிறது. மனிதக் குரலில் சொல் விளங்குகிற இடத்தின் ஒரு முக்கிய பங்கும் அங்கேதான்.

அறைக்குள் தனிய இருந்து வாசித்தால் அந்தப் பள்ளம் அழகு. அடி திரண்டு, மேல் மினுங்கும். ஆனால் மேடையில் கீழே பேஸ் கிற்றாரும் டிரம்ஸும் அடித்தொனியை எடுத்துக்கொள்ளும். மேலே சிம்பல் மேல்தொனியை எடுத்துக்கொள்ளும். கிற்றாருக்கு மிஞ்சியது நடு, அதுவோ வெட்டுப்பட்டுப் போச்சு. "கேக்கேல்லை" என்று நாங்கள் வொலியூமைக் கூட்டினோம். பிறகும் கேட்கவில்லை, ரோனைக் கூட்டினோம். அப்போது நடு வரவில்லை, 2000 க்கு மேலே உள்ள கீறல் மட்டும் இரட்டிப்பாக வந்து ஏற்பாட்டாளரின் காதில் குத்தினது. அவர் கத்துது என்றார். நடு இல்லாத சத்தம் கத்தாமல் வேறென்ன செய்யும்?

அச்சுவேலியில் கிடைத்த 103

இதை நாங்கள் தனியக் கண்டுபிடிக்கவில்லை. அச்சுவேலிச் சந்தைக்குக் கிட்ட றேடியோ, ரீவி திருத்துகிற ஒரு சின்னக் கடை இருக்கிறது. அங்கேயிருந்த ஐயாவிடம் பெட்டியைக் கொண்டு போனோம். ஃபஸ் என்ற சொல்லை அவர் அதற்கு முதல் கேட்டதே இல்லை. பெட்டியைத் திருப்பி, மூடியைக் கழற்றி, வில்லை போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உது பழைய கசற் றெக்கோடர் ரோன் கொன்றோல்தானே தம்பி. நடுவிலை ஓட்டை விட்டிருக்கிறாங்கள்."

நாலு நிமிசம். நாங்கள் மூன்று கிழமை வீடியோ பார்த்து விளங்காததை அவர் நாலு நிமிசத்தில் சொன்னார்.

செத்துப்போன ஒரு ரீவிப் பலகையிலிருந்து 103 என்று எழுதின கொள்ளளவி ஒன்றைக் கழற்றித் தந்தார். 103 என்றால் 10 க்குப் பின்னால் மூன்று பூச்சியம், அதாவது 10,000 பிக்கோபரட், 10 நனோபரட். மேல்தொனி ஒழுங்கையில் இருந்த 4 நனோபரட்டை எடுத்துவிட்டு அதை வைத்தோம். 1800 இல் தொடங்கின ஒழுங்கை இப்போது 720 அளவில் தொடங்குகிறது. பள்ளம் பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. பிறகு 22 கிலோ ஓமை எடுத்துவிட்டு 39 கிலோ ஓம் வைத்தோம். இப்போது இரண்டு ஒழுங்கையும் ஒரே மீடிறனில், 400 ஹேர்ட்ஸ் பக்கத்தில், சந்திக்கின்றன. ஒன்று விட்டதை மற்றது எடுத்துக்கொள்ளும். குமிழ் நடுவில் இருந்தால் கிட்டத்தட்டத் தட்டையான பாதை. இதைத் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தாலும் வரும்.

கடைசியாக, தலையை வெட்டுகிற இரண்டு நிலைகளிலும் திரான்சிற்றருக்குக் குறுக்கே இருந்த 470 பிக்கோபரட்டை 1 நனோபரட் ஆக்கினோம். அது மணல் மாதிரி உரசுகிற ஆக மேலான கீறலை மழுக்கிவிட்டது. ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டோம். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது என்ன செய்தது என்று ஒருகாலும் தெரியாது.

அந்தப் பின்னேரமே பேஸும் டிரம்ஸும் வைத்து வாசித்துப் பார்த்தோம். வொலியூம் முந்தினதிலும் குறைவு, ஆனால் ஒவ்வொரு சுரமும் கேட்டது. கரகரப்புப் போகவில்லை, குத்தல் போய்விட்டது. நாதஸ்வரம் மாதிரி என்று சொல்ல மாட்டோம், அது வேறு பெரிய விசயம். ஆனால் ஒரு குரல் மாதிரி இருந்தது.

அசலைத் தொடாதே என்பவர்களுக்கு

இதைச் சொன்னவுடன் இன்னொரு கூட்டம் கிளம்பும். இவர்கள் எங்கட வயதுக்காரர்கள். "சேர்க்கிற்றிலை கை வைச்சால் அது பிக் மஃப் இல்லை. ஒறிஜினல் சத்தம் போயிடும்." எந்த ஒறிஜினல்? அந்த நிறுவனமே வருசத்துக்கு வருசம் பெறுமானங்களை மாற்றி மாற்றித்தான் பெடல் செய்தது. எழுபதுகளின் பெட்டிகள் ஒன்றுக்கொன்று வேறு. எழுபதுகளின் கடைசியில் திரான்சிற்றர்களைத் தூக்கிவிட்டுத் தொகையிடு சுற்று வைத்தார்கள். தொண்ணூறுகளில் ரஷ்யாவில் செய்தது இன்னொரு விதம். செய்தவர்களே தொட்டதை வாங்கினவர்கள் தொடக்கூடாதாம்.

அடுத்தது, "கனடாவிலை மாமா இருக்கிறார், நல்லதாய் ஒண்டு எடுத்து அனுப்பச் சொல்லுவம்." அனுப்புகிற மாமாவில் எங்களுக்குக் கோபம் இல்லை. அந்தக் காசில்தான் இங்கே பல அடுப்பு எரிகிறது. ஆனால் 2022 ஐ மறந்துவிட்டோமா? மார்ச்சில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்துக்குள் 360 அளவுக்குப் போனது. இறக்குமதிக்கு அதற்கு முதலே கட்டுப்பாடு. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லை. அந்த வருசம் எங்களில் ஒருவராலும் ஒரு பெடல் வாங்க முடியவில்லை, இருந்த பழுதுகளைத் திருத்தவும் தெரியவில்லை. வாங்க மட்டும் தெரிந்தவர்களுக்குக் கடை பூட்டினால் கதை முடிந்தது.

டைனமோச் சனத்துக்கு

பெரியாக்களே, உங்களிடம் ஒரு கேள்வி. 1990 க்குப் பிறகு குடாநாட்டுக்குக் கரண்ட் இல்லை. பற்றரி கொண்டுவரத் தடை, எரிபொருளுக்குத் தடை. அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டீர்கள். மோட்டார் சைக்கிளைச் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினீர்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து விளக்குச் செய்தீர்கள். அந்தக் கதைகளைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். டைனமோவில் ஓடின றேடியோவைப் பார்த்து யாராவது "கொம்பனி சொன்ன மாதிரிப் பாவி, திறக்காதே" என்று சொன்னார்களா?

அதே கைகள் இன்றைக்கு எங்களைப் பார்த்து, "உதுகளை நோண்டாதே, படிக்கிற வேலையைப் பார்" என்கின்றன. அந்தக் காலத்தை நாங்கள் இனிப்பாக்கவில்லை. அது உங்களுக்குத் தெரிவாக இருக்கவில்லை, தேவையாக இருந்தது. தடைக்குள் பிறந்த அறிவு. ஆனால் தடை போனதோடு அந்த அறிவையும் ஏன் குப்பையில் போட்டீர்கள்? அந்த ஐயாவின் கடையில் இப்போது பழகுவதற்கு ஒரு பெடியனும் இல்லை. மகன் வெளிநாட்டில். இன்னும் எத்தனை வருசத்துக்கு அந்தக் கதவு திறந்திருக்கும் என்று அவருக்கே தெரியாது. அவர் போனால் 103 கொள்ளளவி அச்சுவேலியில் பிறகும் கிடைக்கும். "நடுவிலை ஓட்டை விட்டிருக்கிறாங்கள்" என்று சொல்ல ஆள் கிடைக்காது.

அச்சுவேலியில் ஒரு கைத்தொழில்பேட்டை இருக்கிறது. போரில் அழிந்து, பிறகு இந்திய உதவியோடு திருத்தித் திறந்தார்கள். நல்ல விசயம். ஆனால் கைத்தொழில் என்றவுடன் பெரிய கொட்டகையும் றிபன் வெட்டும் மட்டும் ஞாபகம் வருகிற ஊரில், சந்தைக்குக் கிட்ட ஒரு மேசை, ஒரு சொல்டரிங் அயன், ஒரு மனிசன் என்பதும் கைத்தொழில்தான் என்று யார் கணக்கெடுக்கிறார்கள்?

"நீங்கள் ஆர்ட்ஸ் பிள்ளையள்தானே"

ஆகக் கூடக் கேட்ட வசனம் இதுதான். எங்களில் ஒருவரும் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கவில்லை. பதினாறு வயதில் ஒரு படிவத்தில் கலைப்பிரிவு என்று எழுதினோம். அதோடு மின்சாரம் எங்களுக்கு அந்நியமாகிவிட்டதாம். எங்கட குழுவில் பெடல் திருத்துகிற இருவர் பெண்கள். அவர்களிடம் கேட்பது இன்னும் மோசம்: "கை சுட்டுப்போடும் பிள்ளை, அண்ணாவிட்டைக் குடுங்கோ." அடுப்படியில் ஒவ்வொரு நாளும் சுடுகிற கைக்கு ஒருவரும் கவலைப்பட்டதைக் காணவில்லை.

கொள்ளளவி, தடையி, இருவாயி, விரியலாக்கி, மீடிறன் என்று இந்த நாட்டுப் பாடப்புத்தகங்களில் தமிழ்ச் சொற்கள் வரிசையாக இருக்கின்றன. சொல் இருக்கிறது, சுற்று இருக்கிறது, ஈயம் இருக்கிறது. இல்லாதது அனுமதி. ஆர்ட்ஸ் படிக்கிறவர் சுற்றைத் தொடக்கூடாது, சயன்ஸ் படிக்கிறவர் பாட்டைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்று நடுவை வெட்டிப்போட்டுத்தான் எங்களைப் படிப்பிக்கிறார்கள்.

எங்கட பக்கத்துக் குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் நாள் சூடு கூடிப் பலகையின் செப்புப் பாதை ஒன்று உரிந்து வந்துவிட்டது. வயர்த் துண்டு போட்டுத்தான் ஒட்டினோம். இப்போது வருகிற சின்னப் பெடல்கள் பலவற்றில் பாகங்கள் கடுகளவு, அவற்றில் கை வைப்பது தொடக்கக்காரருக்குச் சரிவராது. ஃபோனில் செயலி வைத்து வாசிக்கிறவர்களோடும் சண்டை இல்லை. பள்ளம் வைத்த சத்தமே பிடிக்கும் என்றால் அதுவும் உங்கட விருப்பம். ஆனால் அது விருப்பமாக இருக்கட்டும். பெட்டி வந்தபடி கேட்கிறதை விருப்பம் என்று சொல்லாதேங்கோ.

ஏற்பாட்டாளர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். அடுத்தமுறை கிற்றார் கத்தினால் நிப்பாட்டச் சொல்லாதேங்கோ, திருத்திக்கொண்டு வாங்கோ என்று சொல்லுங்கோ. தவில்காரரிடம் அப்படித்தானே சொல்வீர்கள்.

எங்கட வயதுக்காரர்களிடம் கேட்பது: கத்துகிற பெடல் இருந்தால் கொண்டு வாங்கோ. 9 வோல்ற் பற்றரிதான், கரண்ட் அடிக்காது. பற்றரியைக் கழற்றிவிட்டு மூடியைத் திறவுங்கோ. ரோன் குமிழிலிருந்து பின்னோக்கித் தேடினால் அந்த இரண்டு ஒழுங்கையும் தெரியும். 103 கொள்ளளவி கொஞ்சம் எங்களிடம் இருக்கிறது. முடிந்தால் வருகிற வழியில் ஐயாவின் கடையில் நாலு வாங்கிக்கொண்டு வாங்கோ. அவரோடு பத்து நிமிசம் இருந்து கதைத்துவிட்டும் வாங்கோ.